யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்

பிரவீணா தூங்கிவிட்டாள் என்பது லோசனிக்கு முதுகில்தான் தெரிந்தது. ஹெல்மெட்டின் முன்விளிம்பு தோள்பட்டைகளுக்கு நடுவே வந்து ஒருமுறை முட்டியது, விலகியது, மறுபடி முட்டி அங்கேயே தங்கிவிட்டது, பிறகு அந்த உடம்பின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்மேல் இறங்குவதை அவள் உணர்ந்தாள். சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் நகரவில்லை. முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சிவப்பு விளக்குகள், அவற்றின் மேல் புகை, புகைக்கு மேல் இப்போதுதான் வெளுத்த வானம், அதில் மழை வருமா வராதா என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல். எல்லோரும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார்கள், பாதிப் பேர் சிலிப்பர், ஷூ பிளாஸ்டிக் பையில் தொங்கிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து சேற்று வாடை வந்தது. வரிசை ஒரு அடி நகர்ந்தது. முதுகில் இருப்பவள் விழித்துவிடாதபடி காலை ஊன்றித் தள்ளி அவளும் ஒரு அடி நகர்ந்தாள். ஏன் விழிக்கக் கூடாது? விழித்தால் பேசுவாள். பேசினால் தானும் பேச வேண்டும். தாமான் குடியிருப்பில் வீட்டு வாசலில் வண்டி ஏறும்போதே பேசினாளே, அது போதாதா. "அந்த நர்சிங் காலேஜ் சீட்ட விட்டுட்டேன் லா," என்றாள், ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, பசியாறிட்டியா என்று கேட்கிற அதே குரலில். "இன்னிக்குச் சாயந்திரம்தான் கடைசி. ஒத்துக்கிறேன்னு ஃபோன்ல ஒரு பட்டன அமுக்கணும், அவ்வளவுதான். நான் அமுக்கப் போறதில்ல." ஏன் என்று லோசனி கேட்டாள். "சிங்கப்பூர் சம்பளத்த விட்டுட்டு யாருடி மூணு வருஷம் போய்ப் படிப்பா?" என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்தாள் பிரவீணா. அந்தச் சம்பளம் இந்த மாதத்தோடு முடியப்போகிறது என்று லோசனிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து தெரியும். வண்டியைக் கிளப்பியபோது தெரியும், சாலை விளக்கில் நின்றபோது தெரியும், மலேசியக் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டிப் பாலத்தில் ஏறியபோதும் தெரியும், இப்போது இந்தத் தூக்கத்தைச் சுமந்துகொண்டு நிற்கும்போதும் தெரியும், தெரிந்துகொண்டே ஒரு அடி, இன்னொரு அடி.

வெள்ளிக்கிழமை மேனேஜர் மிஸ்டர் கோ அவளை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று வருடத்தில் அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை, கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். காகிதக் கப்பில் கோப்பி, அதையும் அவரே எடுத்து வந்து வைத்தார், அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும், மேனேஜர் கையால் கோப்பி வந்தால் ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம். கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் செய்கிறது, நரம்பில் ஏற்றுகிற குழாய்கள், அவளும் பிரவீணாவும் மற்றவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடிக்கு அடியில் கீறல் இருக்கிறதா, குமிழ் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்க்கிறார்கள். அந்த மேசை ஜொகூருக்குப் போகிறது என்றார் கோ. மெஷினோடு, விளக்கோடு, பூதக்கண்ணாடியோடு. இரண்டு நாடும் சேர்ந்து திறக்கிற அந்தப் புதிய பொருளாதார மண்டலத்தில் தொழிற்சாலை ஏறக்குறைய கட்டி முடிந்துவிட்டது, உன் வீட்டிலிருந்து கிட்டத்தானே, என்று கேட்டு அவள் தலையாட்டுவதற்காகக் காத்திருந்தார். இங்கே வேலை பெர்மிட் மாதக் கடைசியோடு யாருக்கும் புதுப்பிக்க மாட்டார்கள். அங்கே நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆள் வருகிறது, ஹாஸ்டல் கூடக் கட்டியாகிவிட்டது. அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்து மேய்க்க ஒரு லைன் லீடர் மட்டும் வேண்டும், இங்கிருந்து ஒரே ஒருத்தர். "உன்னைத்தான் நினைத்திருக்கிறேன்," என்றார். சம்பளம் மலேசியச் சம்பளம்தான், ஆனால் பாலம் தாண்ட வேண்டாம், யோசித்துப் பார். மாதக் கடைசியில் எல்லோருக்கும் அறிவிப்போம், அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம், வெளியே போனால் எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். அவள் தேங்க்யூ சார் என்றாள். எழுந்து நின்று இன்னொரு தேங்க்யூ. கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி மூன்றாவதாக ஒரு தேங்க்யூ. முதல் இரண்டும் பயத்தில் வந்தவை, அவற்றை மன்னித்துவிடலாம், அந்த மூன்றாவது எங்கிருந்து வந்தது என்றுதான் வெள்ளியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். அது சந்தோஷத்தில் வந்தது. மேசைக்குத் திரும்பியபோது என்னவாம் என்று பிரவீணா கண்ணால் கேட்டாள், லீவு விஷயம் என்று இவள் உதட்டால் சொன்னாள், எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய், உமிழ்நீர் மாதிரி.

அப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. இல்லை, அப்பாவுக்கு இப்படி நடக்கவில்லை, சௌந்தர் மாமாவுக்குத்தான் இப்படி நடந்தது, அப்பாவுக்கு மற்றது நடந்தது. அவள் ஆரம்பப் பள்ளியில் இருந்த காலம், அப்பா வேலை பார்த்த டிவி தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. அங்கே எல்லாம் மலிவு, வட்டாரத்துக்குள்ளே பொருளுக்கு வரி கிடையாது, எங்கே செய்தாலும் இங்கே கொண்டுவந்து விற்கலாம், அப்புறம் எதற்கு ஜொகூரில் செய்ய வேண்டும். இதெல்லாம் அவளுக்குப் பிற்பாடு பாலிடெக்னிக்கில் பாடமாக வந்தது. அன்றைக்குப் பாடமாக வரவில்லை, அப்பாவாக வந்தது. போன வேகத்திலேயே திரும்பி வந்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார், கேட்டில் காவல்காரன் வழி மறித்தானாம், யூனிபார்மைக்கூடப் பார்த்தும் பார்க்காத மாதிரி மறித்தானாம். அம்மா என்னங்க என்னங்க என்று சுற்றிச் சுற்றி வந்தாள். தொழிற்சாலை போனதைக்கூட அப்பா ஒரு வருடத்தில் ஜீரணித்துக்கொண்டார், லாரி ஓட்டப் போனார். சௌந்தர் மாமாவைத்தான் அவரால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. மாமா ஸ்டோர் சூப்பர்வைசர், அவருக்கு ஒரு மாதம் முன்பே தெரியுமாம். "தெரிஞ்சிக்கிட்டே என்கூட உக்காந்து டீ குடிச்சிருக்கான்," என்பார் அப்பா, "புது மோட்டாரு எடுக்கவாடான்னு கேட்டேன், எடு எடு, கலர் மட்டும் பாத்து எடுன்னான்." பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லமாட்டார், சுவருக்குச் சொல்கிற மாதிரி சொல்வார். சௌந்தர் மாமா கெட்டவர் இல்லை. லோசனிக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். தீபாவளிக்கு வந்து கேட்டருகே நின்றார், அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், அவ்வளவுதான், மறுவருடம் அவர் வரவில்லை. மாமாவும் யாரோ இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரோ, அவருக்கும் கோப்பி கொடுத்திருப்பார்களோ.

வரிசை நகர்ந்தது, இந்த முறை நாலைந்து வண்டி நீளத்துக்கு, பிறகு நின்றது. பிரவீணாவின் கை சரிந்து இவள் இடுப்பருகே தொங்கியது. சின்னக் கை. கையுறை போட்டுப் போட்டு விரல் நுனிகள் வெளுத்திருக்கும், லோசனிக்கும் அப்படித்தான். பாலத்தை ஒட்டித் தண்ணீர்க் குழாய்கள் ஓடின, ஆள் உள்ளே நடந்து போகலாம் அவ்வளவு பருமன், தண்ணீர் அக்கரைக்குப் போகிறது, வரிசையில் நிற்காமல், சோதனைச் சாவடியில் கட்டைவிரலை வைக்காமல். கன்டெய்னர் லாரிகள் அந்தப் பக்கம் தனிப் பாதையில் போயின. அடுத்த மாதம் அவளுடைய குழாய்களும் இப்படித்தான் போகும், ஜொகூரில் செய்து பெட்டியில் அடைத்து இதே பாலத்தில், அவள் போகமாட்டாள், சாமான் போகும். பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது, இரண்டு கொடிகளும் கைகுலுக்கிக்கொள்வது போல வரைந்து, நடுவில் இளம்பெண் ஒருத்தி வெள்ளைக் கோட்டில் சிரிக்கிறாள். அந்த வெள்ளைக் கோட்டைத்தான் லோசனி படித்தாள். உயிரியல் தொழில்நுட்பம், டிப்ளோமா. கடைசி வருடத்தில் யாரோ ஒரு பெரிய அதிகாரி வந்து பேசினார், வட்டாரத்தின் பத்து நாடும் ஒரே சந்தை ஆகப்போகிறது, உங்கள் படிப்புக்கு எல்லைச் சுவர் இருக்காது, எங்கே திறமை தேவையோ அங்கே நீங்கள் போவீர்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாள். ஜொகூரில் அந்தப் படிப்புக்குக் கிடைத்தது மருந்துக் கடையில் பொருள் அடுக்குகிற வேலை. அக்கரையில், ஏஜென்ட் சொன்னான், டிப்ளோமாவை எழுதாதே தங்கச்சி, ஆப்பரேட்டர் வேலைக்குப் படிப்பு கூடுதலா இருந்தா எடுக்க மாட்டான். எழுதவில்லை. எல்லைச் சுவர் படிப்புக்குத்தான் இருந்தது, கைக்கு இல்லை. ஆனால் நர்சிங்? அது வேறு. நர்சிங் இங்கேயும் வேண்டும், அங்கேயும் வேண்டும். நோயாளிகளை வியட்நாமுக்கு மாற்றிவிட முடியாது. பிரவீணா மூன்று முறை விண்ணப்பித்துக் கிடைத்த இடம் அது, கிடைத்த அன்று மேசைக்கு அடியில் லோசனியின் காலை மிதித்து மிதித்துச் சொன்னாள், பெருவிரல் கன்றிப்போய் இரண்டு நாள் வலித்தது. அதை இப்போது ஒரு பட்டனை அமுக்காமல் விடப்போகிறாள், லோசனியின் வாயை நம்பி. இல்லை, தன் வாயை அவள் எங்கே நம்பினாள், தான்தான் எதுவும் சொல்லவில்லையே. சொல்லாததை நம்பி.

சொன்னால் என்ன ஆகும். பிரவீணா தன் அம்மாவிடம் சொல்வாள், அம்மா யாரிடமாவது சொல்வாள், மத்தியானத்துக்குள் மேசை முழுக்கத் தெரியும், சாயந்திரத்துக்குள் கோவுக்குத் தெரியும், கோ மறுபடி கூப்பிடுவார், இந்த முறை நாற்காலி இழுத்துப் போடமாட்டார். அதன் பிறகு அந்த ஒரே ஒரு இடமும் கிடையாது. மருந்துக் கடை. இல்லாவிட்டால் வீட்டில் இருந்தபடி சாப்பாடு டெலிவரி ஓட்டலாம், வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிற பையன்கள் எல்லாம் அதைத்தான் செய்கிறார்கள், பச்சை ஜாக்கெட்டும் மஞ்சள் ஜாக்கெட்டுமாகத் தாமான் முழுக்க. சொல்லாவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. மாதக் கடைசி வரும், எல்லோரும் அழுவார்கள், தானும் அழலாம், தானும் ஆச்சரியப்படலாம், அதற்கும் பழகிவிட்டாள், குளியலறைக் கண்ணாடியில் ஆச்சரியப்பட்டுப் பார்த்தாள், நன்றாகவே வந்தது. பிறகு தினமும் காலையில் இந்தக் கனம் முதுகில் இருக்காது. அந்த லீடர் வேலையும் எத்தனை நாளைக்கு. இன்று ஜொகூர், நாளைக்குப் பக்கத்து நாட்டுப் பாத்தாம் தீவு மலிவு என்பார்கள், அதற்கும் பிறகு வேறு ஏதோ ஊர், அங்கேயும் ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு உன்னைத்தான் நினைத்திருக்கிறேன் என்பார்கள், அவளும் மூன்று தேங்க்யூ சொல்வாள். சாயந்திரம் சொல்லலாமா. சாயந்திரம் வேலை முடிந்து பாலம் திரும்புவதற்குள் கடைசி நேரம் கடந்துவிடும், அது தெரிந்துதான் சாயந்திரம் என்று மனசு சொல்கிறது, இந்த மனசு என்ன மனசு. மழை ஒன்றிரண்டு துளியாக விழ ஆரம்பித்தது. முன்னால் இருந்தவர் மழைக்கோட்டைத் தேடி இருக்கையைத் தூக்கினார். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். யார்கிட்டயும் என்றால் அதில் பிரவீணாவும் உண்டா. பிரவீணா யார்கிட்டயும் இல்லை, பிரவீணா பிரவீணா. கலர் மட்டும் பாத்து எடு.

"பிரவீணா."

குரல் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றியது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தலையைத் திருப்பி, மறுபடி கூப்பிட்டாள்.

"நான் தூங்கல லா," என்றாள் பிரவீணா.

"தூங்கலையா?"

"கண்ண மூடியிருந்தேன். சொல்லு."

"அந்தப் பட்டன அமுக்கிடு."

"எந்தப் பட்டன்?"

"காலேஜு. இப்பவே அமுக்கு. நம்ம லைன ஜொகூருக்குத் தூக்கப் போறாங்க. மாசக் கடைசியோட எல்லாருக்கும் பெர்மிட் முடியுது. அங்க ஒருத்தருக்குத்தான் வேலை." வாய் அங்கே நின்றுவிட்டது. இதோடு விட்டுவிடலாம், அந்த ஒருத்தர் யார் என்று சொல்லாமலே விட்டுவிடலாம், இதுவே பெரிய உதவி. "அது எனக்கு. வெள்ளிக்கிழமை கோ சொன்னாரு. உன்கிட்ட மறைச்சிட்டேன்."

முதுகில் இருந்த கனம் எழுந்துகொண்டது. லோசனி திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். பக்கத்து வண்டிக்காரன் ஃபோனில் ஏதோ வீடியோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கோப்பி குடுத்தாரா?" என்று கேட்டாள் பிரவீணா.

"என்ன?"

"காகிதக் கப்புல. நாற்காலிய இழுத்துப் போட்டு, கோப்பி குடுத்து, உன்னத்தான் நெனச்சிருக்கேன்னாரா?"

அவள் குரலில் கோபம் இல்லை. அந்தக் குரலை லோசனி இதற்கு முன் கேட்டதே இல்லை, கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது. வரிசை நகர்ந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவள் காலால் தள்ளாமல் அப்படியே நின்றாள்.

"உன்கிட்டயுமா?"

"வியாழக்கிழமை," என்றாள் பிரவீணா. "உனக்கு முந்தின நாள்."

"அப்ப காலேஜு..."

"அதான் விட்டேன். வீட்டுப் பக்கத்துல லீடர் வேல, அம்மாவயும் பாத்துக்கலாம், எதுக்குக் காலேஜுன்னு. உன்கிட்ட சிங்கப்பூர் சம்பளம்னு பொய் சொன்னேன். உன் முதுகுல சாஞ்சிக்கிட்டு நாலஞ்சு நாளா வர்றேன், கண்ண மூடிக்கிட்டு. தொறந்தா சொல்லிடுவேனோன்னு." மூக்கை உறிஞ்சினாள். "நீ நேத்து காலைல பசியாறுற கடையில என் தட்டுல முட்டைய எடுத்து வச்ச. நான் அத தொடவே இல்ல."

அந்த முட்டையை ஏன் வைத்தாள் என்று லோசனிக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் ஒரே பொய்யை இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யார் யாரை மன்னிப்பது என்று தெரியவில்லை, அவமானமாக இருந்தது, அவமானத்துக்கு அடியில் ஏதோ ஒன்று இளகியது, உடனே அதற்கும் அடியில் ஒரு பயம், அப்படியென்றால் அந்த இடம் யாருக்கு, இரண்டு பேரில் யாருக்கு, இப்போதும் மனசு அதைத்தான் கேட்கிறது பார், இப்போதும்.

"அந்த இடம் யாருக்கும் இருக்காதுடி," என்றாள் பிரவீணா, கேட்டது போல. "மாசக் கடைசி வரைக்கும் ஒருத்தியும் வேலைய விட்டு ஓடக் கூடாது. ஆர்டரு முடியணும். அதுக்குத்தான் தனித்தனியா கூப்பிட்டுச் சொல்றாரு."

அவள் பையைத் துழாவி ஃபோனை எடுப்பது முதுகில் தெரிந்தது. மழைத்துளி திரையில் விழுந்து விழுந்து பக்கம் தானாக நகர்ந்தது, சட்டையில் துடைத்தாள், மறுபடி நகர்ந்தது. பாலத்தின் பாதி தாண்டியிருந்தார்கள், ஃபோனில் மலேசிய சிக்னல் போய்ப் போய் வந்தது. "சுத்துது," என்றாள். "சுத்திக்கிட்டே இருக்கு." லோசனி வண்டியை ஓரமாகச் சாய்த்து, ஜாக்கெட்டைக் கழற்றி, இருவர் தலைக்கும் மேலே பிடித்தாள். பின்னால் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள். ஒருவன் மலாயிலும் ஒருவன் சீனத்திலும் ஒருவன் நல்ல தமிழிலும் திட்டினான். ஜாக்கெட்டுக்கு அடியில், ஃபோன் வெளிச்சத்தில், பிரவீணாவின் முகம் பச்சையாகவும் சின்னதாகவும் இருந்தது.

"அமுக்கிட்டா திரும்ப முடியாது," என்றாள். "அவரு எனக்கு நெசமாவே குடுக்கிறதா இருந்தா?"

இருக்கலாம். கோ உண்மையாகவே பிரவீணாவை நினைத்திருக்கலாம், அவள்தான் வேகம், அவள் கண்ணுக்குத்தான் குமிழ் தப்பாது. ஆமாம் அமுக்கு என்றால் லோசனி தன் வழியைச் சுத்தம் செய்துகொள்வதாகவும் இருக்கும். என்ன சொன்னாலும் அதில் தான் இருப்பாள்.

"எனக்குத் தெரியல பிரவீணா. தெரிஞ்சத சொல்லிட்டேன். இனிமே நீதான்."

பிரவீணா அந்தத் திரையை மறுபடி சட்டையில் துடைத்தாள். பிறகு கட்டைவிரலை வைத்தாள். சுற்றியது, சுற்றியது, லோசனியின் கை ஜாக்கெட்டைப் பிடித்து மரத்துப்போனது, கடைசியில் பக்கம் திறந்து ஒரு பச்சைக் குறி விழுந்தது. "நீ என்னடி பண்ணுவ?" என்று மட்டும் பிரவீணா கேட்டாள். லோசனி ஜாக்கெட்டை ஈரத்தோடு மாட்டிக்கொண்டாள். அவளுக்கு அமுக்குவதற்குப் பட்டன் எதுவும் இல்லை.

சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடிக்கு முன்னால் பாதைகள் பிரிந்து விரிகிற இடத்தில் வரிசை வேகம் பிடித்தது. அப்போதுதான் பக்கத்துப் பாதையில் ஃபில்சாவைப் பார்த்தார்கள். அவர்கள் மேசையில் எதிர் நாற்காலி, வேறொரு தாமானிலிருந்து தனியாக வருகிறவள், காலையில் எப்போதும் யார் முகத்திலும் விழிக்காத பெண். இன்றைக்கு அவளாகவே கை தூக்கினாள். மழையில் நனைந்த தூடோங் முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட், அதற்குள் ஒரு சிரிப்பு, எல்லோரிடமும் அன்பாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி அனுப்பியது மாதிரி ஒரு சிரிப்பு. சாப்பிட்டீர்களா என்று மலாயில் கத்திக் கேட்டாள். என்னிடம் நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் இருக்கிறது, உங்களுக்கும்தான் வாங்கினேன் என்றாள்.

லோசனியின் தொடையைப் பிரவீணா அழுத்திப் பிடித்தாள். "இவகிட்டயும் சொல்லியிருக்காரு," என்றாள் மெதுவாக.

பேசாமல் போகலாம். பிரவீணாவுக்குச் சொன்னது பிரவீணாவுக்காக, ஃபில்சா யார், மேசையில் எதிரே உட்காருகிறவள், அவ்வளவுதானே. இவளிடம் சொன்னால் நிச்சயம் கோவின் காதுக்குப் போகும், ஃபில்சாவின் மாமா கம்பெனியில்தான் காவல் வேலையில் இருக்கிறார். லோசனி பாதைகளுக்கு நடுவே இருந்த கூம்புகளைத் தாண்டி வண்டியை நுழைத்து அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"கோ உன்கிட்ட என்ன சொன்னாரு ஃபில்சா?" என்று மலாயில் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலையே." பதில் உடனே வந்தது, லீவு விஷயம் என்று தான் சொன்ன அதே வேகத்தில். சிரிப்பு மட்டும் இறங்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தது. "ஏன், உனக்கு யார் என்ன சொன்னது?"

"என்கிட்ட சொன்னாரு," என்றாள் லோசனி. "இவகிட்டயும் சொன்னாரு."

ஃபில்சா ஒருத்தியைப் பார்த்தாள், பிறகு இன்னொருத்தியைப் பார்த்தாள். முன்னால் தடுப்பு உயர்ந்தது, அவளுடைய முறை வந்துவிட்டது, பச்சை விளக்கு எரிந்தது. ஃபில்சா தடுப்பைத் தாண்டாமல், கையை நீட்டி இஞ்சினை நிறுத்தினாள்.